மீண்டும் உள்நுழைக

பதினைந்தாம் தேதி. சேமநிதி கட்டக் கடைசி நாள்.
ஜெலுத்தோங்கில், சலவைக்கடை மாடியில்,
காலையில் கணினியைத் திறந்தால்
உலாவி புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது:
ராத்திரியே என்னைப் புதுப்பித்துக்கொண்டேன்.
யார் கேட்டது?

கடவுச்சொல் சரி.
சரியென்று அதுவே சொல்கிறது;
பச்சைக் குறி காட்டி, வெள்ளையாய் ஒரு கணம் யோசித்து,
வந்த வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது.
மறுபடி போடுகிறேன். மறுபடி வாசல்.
கல்யாண வீட்டில் பந்திவரை அழைத்துப்போய்
இலை போடாமல் திருப்பி அனுப்புவது போல.

ஏழாவது முறை
நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது.
மோட்டார்சைக்கிள் உள்ள கட்டங்களைத் தொடு.
ஒரு கட்டத்தில் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்க்கிறது.
கண்ணாடி மோட்டார்சைக்கிளா?
கீழே வேலை செய்பவர்களில் பாதிப்பேர்
பினாங்குப் பாலத்தை அப்படித்தான் கடந்து வருகிறார்கள்,
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு கண்ணாடி, ஒரு முழங்கால்.
தொட்டேன். தப்பாம்.

கொம்தாரில் கடை வைத்திருக்கும் கோக் லியோங்கைக் கூப்பிட்டேன்.
"குக்கீ எல்லாம் அழி லா," என்றான், வாய் நிறைய மீ.
"எல்லாமா?"
"எல்லாம்."
அழித்தேன்.
மின்கட்டணம் என்னை மறந்தது. வங்கி மறந்தது.
சோப்புத்தூள் அனுப்பும் பட்டர்வொர்த் கம்பெனி,
நாலு வருஷமாய் வாங்க தவமலர் என்று வரவேற்றது,
யார் நீ என்றது.
சேமநிதி மட்டும் பழையபடி, வாசலில்.

நடுவில் கீழே போய்
ஹோட்டல் விரிப்புகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டில் மருதாணிக் கறை.
முதலாளி படியில் நின்று, "கட்டியாச்சா?" என்றார்.
"கட்டிக்கிட்டே இருக்கேன்."

மூன்று மணிக்குத்தான் கண்ணில் பட்டது.
மாதாமாதம் நான் சொடுக்கும் அந்த நட்சத்திரக்குறி,
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த சகாயமேரி
குறித்துவைத்தது.
முகவரிக்கு வால் நீண்டு, கேள்விக்குறி, சதவீதக்குறி, எண்கள்;
எந்தக் காலத்திலோ அவள் உள்ளே போன
ஒரே ஒரு நாளின் வழி.
பழைய உலாவி கண்டும் காணாமல் விட்டது.
புதுசுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

குறியை நீக்கினேன்.
முகவரியை எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
கதவு திறந்தது. உள்ளே இன்னொரு கதவு:
இது புதிய சாதனம். ஆறு இலக்க எண் அனுப்பியுள்ளோம்,
47 என முடியும் கைப்பேசிக்கு.

என்னுடையது 12. முதலாளியுடையது 80.
47 யார் என்று எனக்குத் தெரியும்.
போனஸ் சண்டையில் அலமாரிச் சாவியை
மேசைமேல் எறிந்துவிட்டுப் போனவள்.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.
"நம்பர்தானே? இரு, கண்ணாடி போட்டுக்கறேன்."
நிதானமாய்ச் சொன்னாள்.
ஐந்தாவது இலக்கத்தில் நேரம் முடிந்து எண் செத்தது.
"இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."
சொன்னேன். வருகிறவரைக்கும் இருவரும் காத்திருந்தோம்.
"அதே டிரையரா? இங்க வரைக்கும் உறுமுது."
"அதேதான்."
"போனஸ்?"
நான் பதில் தேடுமுன் எண் வந்துவிட்டது.

ஐந்து நாற்பது. பதினொரு பெயர்களும் திரையில்,
பக்கத்தில் வெள்ளி, காசு.
கட்டணம் ஏற்கப்பட்டது.
இந்தச் சாதனத்தை நினைவில் வைக்கவா என்று கேட்டது.
வை என்றேன்.
அடுத்த புதுப்பிப்பு வரைக்கும்தான், தெரியும்.

இரவு, ஆயர் ஈத்தாம் பேருந்தில், 47-இலிருந்து செய்தி:
முதல்ல அந்த நம்பர மாத்து.
ரெண்டு நிறுத்தம் தாண்டி, இன்னொன்று:
எவ்வளவு குடுத்தாரு?